தூத்துக்குடி மக்ரூன், வீட்டு ஓவனில்

முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரிப்பருப்பு. தூத்துக்குடி மக்ரூனில் இந்த மூன்றைத் தவிர வேறு எதுவும் கிடையாது. மைதா இல்லை, வெண்ணெய் இல்லை, சோடா மாவு இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்ப்பதில்லை. மூன்றே பொருள்தானே, சுலபமாக வந்துவிடும் என்று தோன்றும். ஆனால் ஒன்றில் குறை இருந்தால் அதை மூடி மறைக்க வேறு பொருள் இல்லை என்பதால், இருக்கும் மூன்றையும் சரியாகக் கையாள வேண்டியிருக்கிறது. சென்னையில் நான் வாங்கிப் பார்த்த கடைகளில் மக்ரூன் என்ற பெயரில் கிடைத்தது பெரும்பாலும் வெறும் சீனி நுரைதான். முந்திரியைத் தேட வேண்டும், கடித்தால் தூளாகி பல்லில் ஒட்டும். வீட்டில் இருக்கும் ஓடிஜி ஓவனை (மேசை மேல் வைக்கும் சின்ன மின்சார ஓவன்) வைத்துக்கொண்டு அசலுக்குப் பக்கத்தில் போக முடியுமா என்று பார்க்க ஆரம்பித்த வேலை இது. அளந்தது, மாற்றிப் பார்த்தது எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன், வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்குப் பயன்படும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மக்ரூனை பிஸ்கட், கேக் வரிசையில் வைத்து, சுட்டு எடுக்கும் பண்டமாக நினைத்தால் வராது. கூழ்வடகம் மாதிரி, அது காயவைக்கும் பண்டம். வெயிலுக்குப் பதிலாக அடுப்பின் இளஞ்சூடு, அவ்வளவுதான் வித்தியாசம். இந்த ஒரு விஷயம் பிடிபட்டதும், முந்திரியை எப்படி அரைப்பது, சூட்டை எங்கே வைப்பது, எந்த டப்பாவில் போடுவது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை தானாக வந்தது.

அசல் எப்படி இருக்கும் என்று தூத்துக்குடிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காக எழுதுகிறேன். கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு கூம்பு, நுனி சுழித்துக் கூராக நிற்கும். நிறம் வெள்ளைக்கும் தந்த நிறத்துக்கும் நடுவில். நுனியைக் கடித்தால் மொறுக்கென்று உடைந்து நாக்கில் கரைந்துவிடும், அடிப்பக்கம் போகப் போக லேசான இழுவை இருக்கும், அங்கேதான் முந்திரி குருணை குருணையாக அகப்படும். கலர் கலராக, நடுவில் கிரீம் வைத்து வரும் பிரெஞ்சு மக்கரோன் இதற்குத் தூரத்து உறவு. அது பாதாம் மாவில் செய்வது, இதில் கிரீமும் கிடையாது கலரும் கிடையாது.

தூத்துக்குடி இருக்கும் முத்துக்குளித்துறைக் கரைப் பக்கம் போர்த்துகீசியர் கால் ஊன்றியது 1530களில். 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியை அவர்களிடமிருந்து பிடித்தார்கள், பிற்பாடு ஆங்கிலேயர் கைக்குப் போனது. மக்ரூன் போர்த்துகீசியர் விட்டுப்போன பழக்கம் என்பதுதான் ஊரில் எல்லோரும் சொல்லும் கதை. முந்திரி மரமும் பிரேசிலிலிருந்து அவர்கள் கப்பல் வழியாக இந்தியாவுக்கு வந்ததுதான். ஐரோப்பாவில் பாதாம் போட்டுச் செய்தது இங்கே முந்திரிக்கு மாறியது. இந்த மாற்றத்தால்தான் பண்டம் இவ்வளவு நன்றாக ஆனது என்று நான் நினைக்கிறேன். அதைச் சோதிக்கவே ஒரே நுரையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் பாதாமும் இன்னொரு பாதியில் முந்திரியும் கலந்து ஒரே தட்டில் காயவைத்துப் பார்த்தேன். பாதாம் போட்டது கறகறவென்று மணலாக நின்றது, விழுங்கிய பிறகும் தொண்டையில் துகள் தங்கியது. முந்திரி போட்டது பாலாகக் கரைந்தது. முந்திரியில் மாவுச்சத்து நூற்றுக்கு இருபதுக்கு மேல் இருக்கிறது, பாதாமில் அது மிகக் குறைவு. வாயில் அந்தப் பால் தன்மை வருவதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

எழும்பூரில் சாயங்காலம் முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிந்ததும் தூத்துக்குடி. கணேஷ் பேக்கரி, தனலட்சுமி பேக்கரி என்று பெயர் பெற்ற கடைகள் உண்டு, அதைத் தவிர சின்னச் சின்ன பேக்கரிகளிலும் கண்ணாடி அலமாரியில் மக்ரூன் இருக்கும், எடை போட்டுத்தான் கொடுப்பார்கள். நான் ஒவ்வொரு கடையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, பொட்டலத்தின் மேல் பேனாவால் குறித்து வைத்துக்கொண்டேன். கடைக்குக் கடை வித்தியாசம் நிஜமாகவே தெரிகிறது. ஒன்றில் முந்திரி நைசாக இருக்கும், ஒன்றில் பல்லில் தட்டும், ஒன்று முழுக்க மொறுமொறுப்பு, ஒன்றின் நடுவில் இழுவை. எனக்குப் பிடித்தது இழுவை உள்ளது. (ராத்திரி பொரிச்ச பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டேன். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது.)

ஒரு கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, "அண்ணாச்சி, இதை எவ்வளவு நேரம் வேகவைப்பீங்க?" என்று கேட்டேன். "வேகவா? ரொட்டி எல்லாம் எடுத்தப்புறம் அடுப்புல சூடு இருக்கும்லா, அதுல வச்சு மூடிருவோம். காலைல எடுப்போம். தீயில வச்சா செவந்து போவும்" என்றார். செங்கல் அடுப்பில் மிச்சமிருக்கும் சூடு ராத்திரி முழுக்க மெல்ல மெல்ல இறங்கும், அந்தச் சூட்டிலேயே மக்ரூன் காயும். அவர் சொன்ன அந்த நாலு வரியில் முழுச் செய்முறையும் இருக்கிறது. செங்கல் அடுப்பு செய்வதை ஒரு தகரப் பெட்டியில் எப்படி வரவழைப்பது என்பதுதான் எனக்கு இருந்த வேலை.

அதனால் முதலில் ஓவனைத்தான் சோதித்தேன். ஓடிஜி வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரு ஓவன் தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே வைத்துப் பார்க்க வேண்டும், விலை அதிகமில்லை. என் ஓவனில் திருகை 100 டிகிரி செல்சியஸில் வைத்தால் உள்ளே 95க்கும் 130க்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கம்பி சிவக்கும்போது 130, அணைந்து கொஞ்ச நேரத்தில் 95. கேக்குக்கு இந்த ஆட்டம் பெரிய விஷயமில்லை, மக்ரூனுக்கு 130 அதிகம். மேல் கம்பியை அணைத்துவிட்டு, கீழ்க் கம்பி மட்டும் போட்டு, கீழ்த்தட்டில் ஒரு காலி டிரேயை வைத்தேன். நேர்ச்சூடு அந்தக் காலி டிரேயில் பட்டுப் பரவும், மக்ரூன் இருக்கும் நடுத்தட்டுக்கு மெதுவாகத்தான் வரும். கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகி ஒரு விரல் அளவு திறந்து வைத்தேன். இதெல்லாம் செய்ததும் 100க்கும் 110க்கும் நடுவில் நின்றது. கதவைத் திறந்து வைப்பது சூட்டைக் குறைக்க மட்டும் இல்லை, முக்கியமாக ஈரம் வெளியே போவதற்கு. மூடிய பெட்டிக்குள் ஆவி சுற்றிச் சுற்றி வந்தால் எப்படிக் காயும்?

அடுத்தது முந்திரி. முழு முந்திரிக்குக் காசு கொடுக்க வேண்டாம், எப்படியும் பொடிக்கப் போகிறோம், உடைசல் போதும். ஆனால் புதுசாக இருக்க வேண்டும், ஒன்றை வாயில் போட்டுப் பார்த்து காறல் அடித்தால் வாங்காதீர்கள், மூன்றே பொருள் உள்ள பண்டத்தில் அது நேராகத் தெரியும். முந்திரியில் கிட்டத்தட்ட பாதி எடை எண்ணெய். மிக்ஸியில் விட்டு ஓட்டினால் சூட்டில் அந்த எண்ணெய் வெளியே வந்து விழுதாகிவிடும், எண்ணெய் பட்ட இடத்தில் முட்டை நுரை அமுங்கும். அதனால் நான் செய்வது இப்படி: முந்திரியை வெறும் சட்டியில் கை பொறுக்கும் சூட்டில் சில நிமிடம் புரட்டுகிறேன், வறுப்பதற்கு இல்லை, ஈரம் போவதற்கு, நிறம் கொஞ்சமும் மாறக் கூடாது. நன்றாக ஆறியதும் டப்பாவில் போட்டு மூடி, ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் வைக்கிறேன். மூடி வைப்பது முக்கியம், இல்லையென்றால் வெளியே எடுத்ததும் ஈரம் படியும். பிறகு இரண்டு ஸ்பூன் சீனிப்பொடி சேர்த்து, மிக்ஸியை விட்டு விட்டு, திருகையைத் தட்டித் தட்டி ஓட்டுகிறேன். ரவை சலிக்கும் சல்லடையில் சலித்து, மேலே நிற்பதை மட்டும் மறுபடி ஒரு தட்டு. ஒரு பிடி பொடியை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துத் திறந்து பாருங்கள். உதிர்ந்தால் சரி, கொழுக்கட்டையாக நின்றால் எண்ணெய் விட்டுவிட்டது என்று அர்த்தம். அதைத் தூக்கிப் போட வேண்டாம், குருமாவுக்கு ஆகும்.

எங்கள் வீட்டு மாடியில் இருக்கும் அக்கா தூத்துக்குடி திரேஸ்புரத்தில் பிறந்து வளர்ந்தவர். ஒவ்வொரு தட்டும் அவருக்குப் போகும். முழுவதையும் நைசாகச் சலித்துச் செய்ததைச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா ஒண்ணுமே தட்டலியே. வாயில போட்டதும் மொதல்ல சீனி கரையணும், அப்புறம் அண்டிப்பருப்பு தட்டணும்" என்றார். அண்டிப்பருப்பு என்றால் முந்திரிதான். அதற்கப்புறம் முந்திரியில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து, சலிக்காமல் குருணையாகவே சேர்க்கிறேன். அவர் சொன்னது சரி. நைசான பொடி உடம்பைக் கட்டிப் பிடிக்கிறது, குருணைதான் ருசியைக் கொடுக்கிறது.

இனி முட்டை. கடை முட்டை ஒன்றில் வெள்ளைக்கரு 30 கிராமிலிருந்து 33 கிராம் வரை வரும், நாட்டுக்கோழி முட்டையில் அதைவிடக் குறைவு. எத்தனை முட்டை என்று கணக்கு வைக்காமல் எடை வைத்துச் செய்வதுதான் நல்லது. முட்டை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிரோடு இருக்கும்போதே வெள்ளையையும் மஞ்சளையும் பிரித்துவிடுங்கள், அப்போது மஞ்சள் கரு உடையாது. பிரித்த பிறகு அரை மணி நேரம் வெளியே வைத்து, குளிர் போனதும் அடிக்க வேண்டும். ஒவ்வொரு முட்டையையும் தனிக் கிண்ணத்தில் பிரித்து, சுத்தமாக இருக்கிறது என்று பார்த்து, அப்புறம் பெரிய பாத்திரத்தில் ஊற்றுங்கள். மஞ்சள் கருவில் இருப்பது கொழுப்பு. நுரையில் ஒவ்வொரு குமிழையும் சுற்றிப் புரதம் ஒரு மெல்லிய தோலாக நிற்கிறது, அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொண்டால் தோல் பிடிக்காது. எவ்வளவு பாதிக்கும் என்று பார்க்க, வேண்டுமென்றே ஒரு துளி மஞ்சள் கரு விட்டு அடித்துப் பார்த்தேன். நுரை பாதி உயரத்தோடு நின்றுவிட்டது, எவ்வளவு அடித்தும் கூர் வரவில்லை. பிளாஸ்டிக் பாத்திரத்தில் பழைய எண்ணெய்ப் பசை தங்கும், எவர்சில்வர் பாத்திரம் எடுங்கள். அதன் உள்பக்கத்தையும் பீட்டர் கம்பிகளையும் ஒரு எலுமிச்சை மூடியால் தேய்த்துத் துணியால் துடைத்துவிட்டால் போதும். அதில் ஒட்டியிருக்கும் கொஞ்சம் புளிப்பு நுரைக்கும் நல்லதே செய்கிறது.

முதலில் பீட்டரைக் குறைந்த வேகத்தில் ஓட்டினால் பெரிய பெரிய குமிழ்கள் வரும், பிறகு அவை சிறுத்து வெள்ளையாகும். தூக்கிப் பார்த்தால் நுனி எழும்பி வளைந்து விழும். அந்தக் கட்டத்தில்தான் சீனிப்பொடியை ஒவ்வொரு ஸ்பூனாகச் சேர்க்க ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பத்திலேயே மொத்தச் சீனியையும் கொட்டினால் நுரை எழும்ப மிகவும் தாமதமாகும், கடைசியில் கொட்டினால் கரையாமல் நிற்கும், அந்தக் கரையாத சீனி பிறகு பாகாகக் கசிந்து மக்ரூனின் அடியில் ஒட்டும். கடையில் விற்கும் ஐசிங் சுகரில் சோள மாவு கலந்திருக்கும், அதனால் சாதாரணச் சீனியையே மிக்ஸியில் பொடித்து மெல்லிய துணியில் சலித்துக்கொள்கிறேன். இரண்டு விரலுக்கு நடுவில் நுரையைத் தேய்த்துப் பாருங்கள். நறநறப்பு இல்லை, பளபளவென்று இருக்கிறது, நுனி வளையாமல் நிற்கிறது, பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் அடித்தால் பளபளப்பு போய்த் திரிதிரியாகும், அடியில் தண்ணீர் பிரியும்.

அளவு. 100 கிராம் வெள்ளைக்கருவை மாற்றாமல் வைத்துக்கொண்டு சீனியையும் முந்திரியையும் மாற்றிப் பார்த்தேன். சீனி 120 கிராம் என்றால் இனிப்பு எனக்குச் சரியாக இருந்தது, ஆனால் முந்திரி சேர்த்ததும் கூம்பு சரிந்தது, காய்ந்த பிறகு தொட்டால் உதிர்ந்தது. நுரையைத் தாங்கி நிற்பதே சீனிதான், இனிப்பு குறைய வேண்டும் என்று அதில் கைவைத்தால் உருவம் போய்விடும். 200 கிராம் என்றால் கூர் அழகாக நின்றது, ஆனால் திகட்டியது, மழை நாளில் சீக்கிரம் பிசுபிசுத்தது. 180 கிராமில் நின்றேன். முந்திரி 150 கிராம். அதற்கு மேல் 180 வரை போட்டால் ருசி கூடுகிறது, ஆனால் நுரை கனம் தாங்காமல் அகலமாக உட்காருகிறது. இனிப்பு குறைய வேண்டும் என்பவர்கள் சீனியை விட்டுவிட்டு அளவில் சிறிதாகப் பிழியுங்கள் என்றுதான் சொல்வேன்.

முந்திரியை நுரையில் சேர்க்கும் இடம் ரொம்ப முக்கியம். மூன்று தடவையாகத் தூவி, அகலமான கரண்டியால் நடுவில் வெட்டி, அடியிலிருந்து அள்ளி மேலே கவிழ்த்து, பாத்திரத்தைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி வெட்டி, இப்படித்தான் கலக்க வேண்டும். வட்டமாகக் கிண்டினால் காற்று போய்விடும். வெள்ளைப் பொடி கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும்தான் கலக்கல், மறைந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள். எண்ணெயும் நுரையும் ஒரே பாத்திரத்தில் இருக்கின்றன, தாமதிக்கிற ஒவ்வொரு நிமிடமும் நுரைக்குத்தான் நஷ்டம். அதனால் ஓவனைச் சூடு பண்ணி, தட்டில் பட்டர் பேப்பர் விரித்து, பிழியும் பையைத் திறந்து ஒரு டம்ளரில் நிறுத்தி வைத்த பிறகே முந்திரியைத் தொடுகிறேன்.

பிழிவதற்கு நட்சத்திர நாசில் வேண்டாம், குருணை அடைத்துக்கொள்ளும். தடித்த பாலிதீன் பையின் மூலையை ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டினால் போதும். தட்டுக்குச் செங்குத்தாகப் பிடித்து, மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்கு அடி பரவும் வரை அசையாமல் அழுத்தி, அப்புறம் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே மேலே தூக்கி, கடைசியில் சட்டென்று ஒரு சுழி சுழித்து எடுக்க வேண்டும். கை பழகுவதற்கு ஒரு தட்டு ஆகும். இடைவெளி இரண்டு விரல் இருந்தால் போதும், பிஸ்கட்டைப் போல் விரியாது, ஆனால் நெருக்கமாக வைத்தால் நடுவில் இருப்பவை காயத் தாமதமாகும்.

சூட்டில் மூன்று விதமாகப் பார்த்தேன். 150 டிகிரியில் இருபது நிமிடத்துக்குள் நுனி சிவந்தது, தோல் வெடித்தது, உடைத்துப் பார்த்தால் மேலே கூடு, உள்ளே ஈரப் பசை. மேல்தோல் சீக்கிரம் இறுகிவிட்டதால் உள்ளே இருக்கும் தண்ணீருக்கு வழியில்லை, அது வெடித்துக்கொண்டு வந்திருக்கிறது. 120இல் வெடிப்பு இல்லை, ஆனால் வெளிர் பழுப்பு நிறம் ஏறியது, சாப்பிட மோசமில்லை, முந்திரி பிஸ்கட் மணம் வந்தது. மக்ரூன் மணம் அது இல்லை. 100க்கும் 110க்கும் நடுவில், கதவைத் திறந்து வைத்து, இரண்டு மணி நேரம் விட்டு, அணைத்துவிட்டு, கரண்டியை எடுத்துக் கதவை மூடி ராத்திரி முழுக்க உள்ளேயே வைத்தது தந்த நிறத்தில் வந்தது, கூர் அப்படியே நின்றது.

கண்ணால் பார்த்துக் காய்ந்ததா என்று சொல்வது கஷ்டம், மேலே ஒரே மாதிரிதான் இருக்கும். எடைதான் சரியான வழி. வெள்ளைக்கருவில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். ஆக, தட்டில் பிழிந்த கலவை 400 கிராம் என்றால் அதில் 80 கிராமுக்குக் கொஞ்சம் மேல் முட்டைத் தண்ணீர், அதோடு முந்திரியின் சொந்த ஈரம் சில கிராம். தட்டின் எடையைக் கழித்துவிட்டு நிறுத்துப் பார்த்ததில், இரண்டு மணி நேர முடிவில் 346 கிராம், காலையில் 328. அந்த 328இல் நுனி மொறுமொறுப்பு, நடுவில் இழுவை, அதாவது நான் ஊரில் தேர்ந்தெடுத்த ருசி. இன்னொரு தட்டை காலையில் மறுபடி ஒரு மணி நேரம் சூட்டில் வைத்து 319 வரைக்கும் இறக்கினேன், அது முழுக்க மொறுமொறுப்பாகி, வாயில் போட்டதும் சரசரவென்று உடைந்தது. பயணத்துக்குக் கொண்டு போகவும் நாள்பட வைத்திருக்கவும் அதுதான் நல்லது. உங்களுக்கு எது பிடிக்கும் என்று முடிவு பண்ணிக்கொண்டு, அந்த எடை வந்ததும் எடுத்துவிடலாம். ஓவனுக்கு ஓவன் நேரம் மாறும், இழந்த தண்ணீரின் கணக்கு மாறாது.

முட்டை சரியாக வெந்திருக்குமா என்ற கேள்வி நியாயமானது. தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போவதால் உள்பக்கம் ஓவனைவிடக் குளிர்ச்சியாகவே இருக்கும். கம்பி தெர்மாமீட்டரை ஒரு மக்ரூனின் அடிவரைக்கும் குத்தி வைத்துப் பார்த்தேன், ஒன்றரை மணி நேரத்துக்குள் 80ஐத் தாண்டியது, அது போதுமான சூடு. முட்டை வாடைக்கு வனிலா எசன்ஸ் விடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். ஈரம் மிச்சமிருக்கும் மக்ரூனில்தான் வாடை தெரிகிறது, நன்றாகக் காய்ந்ததில் முந்திரியைத் தவிர வேறு மணமே இல்லை. எசன்ஸ் விட்டால் அந்த முந்திரி மணமும் போய்விடும்.

காய்ந்த பிறகுதான் சென்னையின் காற்று வேலையைக் காட்டும். தூத்துக்குடி மழை குறைந்த ஊர், ஊரைச் சுற்றி உப்பளம், உப்பு விளைகிற அளவுக்கு வெயிலும் காற்றும் உண்டு. இங்கே ஐப்பசி கார்த்திகையில் ஒரு மக்ரூனை மேசை மேல் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டால் விரலில் ஒட்டுகிறது. நன்றாக ஆறியதும், ஆனால் ஆறிய உடனேயே, காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவிட வேண்டும். சூட்டோடு போட்டால் உள்ளேயே வியர்த்துவிடும். வெறும் சட்டியில் வறுத்து ஆறவைத்த அரிசியை ஒரு பிடி சின்னத் துணியில் முடிந்து டப்பாவின் மூலையில் போடுகிறேன், மழைக்காலத்தில் இது நன்றாகவே உதவுகிறது. கொஞ்சம் நமுத்துப் போனாலும் கவலையில்லை, 100 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து எடுத்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள், எடுக்கும்போதெல்லாம் ஈரம் படியும்.

தென்பக்கத்துப் பண்டம் என்பதால் உடன்குடிக் கருப்பட்டி போட ஆசை வந்தது. கருப்பட்டியைச் சீவி, சீனியில் கால்பங்குக்குப் பதிலாகச் சேர்த்துப் பார்த்தேன். ருசி பிரமாதம், ஆனால் காயவே இல்லை. அதற்கு இயல்பாகவே ஈரத்தை இழுக்கும் குணம், கூம்பு சரிந்து அப்பமாகப் படுத்துவிட்டது. அதற்குப் பதில் பனங்கற்கண்டை நைசாகப் பொடித்து அதே கால்பங்கு போட்டதும் கூர் நின்றது, நிறம் லேசான சந்தனமாக மாறியது, பின்னால் ஒரு பனை மணம். மாடி அக்காவுக்கு அது பிடிக்கவில்லை, மக்ரூன் என்றால் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது. இரண்டையும் செய்கிறேன்.

100 கிராம் வெள்ளைக்கருவுக்கு மூன்று மஞ்சள் கரு மிஞ்சும், இரண்டு மடங்காகச் செய்தால் ஆறு. ஆம்லெட்டில் போட்டுத் தீர்க்கலாம். அதைவிட நல்ல வழி தூத்துக்குடி மாவட்டத்திலேயே இருக்கிறது, காயல்பட்டினம் வட்டிலாப்பம். ஆறு மஞ்சள் கருவோடு இரண்டு முழு முட்டை, கெட்டித் தேங்காய்ப்பால் ஒரு பெரிய டம்ளர், மக்ரூனில் சேராத கருப்பட்டியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டி ஆறவைத்தது, ஏலக்காய், மிக்ஸியில் விழுதாகிப்போன முந்திரி ஏதாவது இருந்தால் அதுவும். நுரை வராமல் கலந்து, வடிகட்டி, நெய் தடவிய பாத்திரத்தில் ஊற்றி மூடி, இட்லிச் சட்டியில் சிறு தீயில் ஆவியில் வைத்தால் நாற்பது நிமிடத்தில் இறுகிவிடும். நடுவில் ஒரு ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்தால் ஒட்டாமல் வர வேண்டும். மக்ரூன் தட்டு ஓவனில் இரண்டு மணி நேரம் இருக்கும், அந்த நேரத்திலேயே இதையும் அடுப்பில் ஏற்றி இறக்கிவிடலாம்.